பஞ்சரே ஆகாத வண்டி

சுங்காய் செம்பனைத் தோட்டத்தில் ஐந்து மினி டிராக்டர்கள் ஒரே பாதையில் பழக்குலை ஏற்றப் போகும். மட்டை முள் குத்தி நான்கு வண்டிகள் வாரம் ஒருமுறையாவது பஞ்சராகிவிடும். ஓட்டுநர் பத்துமலையின் வண்டி மட்டும் மூன்று மாதமாக நின்றதே இல்லை.

“என்னதான் செய்றீங்கண்ணே?” என்று கேட்டான் இன்னொரு வண்டி ஓட்டும் கோகிலன்.

“டயர் பச்சப்புள்ள மாதிரிலா. காத்து பாக்கணும், தடவிப் பாக்கணும். ஒரு டயருக்குப் பத்து நிமிஷம். உங்க மாதிரி பறக்கக் கூடாது.”

மானேஜர் விக்னேஸ்வரன் புது டிராக்டரின் சாவியைப் பத்துமலையிடமே கொடுத்தார்.

“பஞ்சர் ஆச்சுன்னா சாவி கோகிலனுக்குப் போயிடும். நாளையிலேருந்து நீங்கதான் முன்னால போறீங்க. மத்தவங்க பாத்துக் கத்துக்கட்டும்.”

அன்றிரவு பத்துமலை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“புது வண்டி கெடச்சும் ஏன் இந்த மூஞ்சி?” என்றாள் மனைவி பாப்பா.

“முன்னால போகச் சொல்லிட்டாங்க.”

“போங்களேன்.”

“இத்தன நாளா பாதையில கெடந்த முள்ளெல்லாம் முன்னால போன நாலு வண்டியிலதான் ஏறுச்சு, பாப்பா. நான் கடைசியா சுத்தமான பாதையில வந்தேன்.”

பாப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

“நல்லா சாப்பிடுங்க. நாளைக்கு டயர் கழட்டத் தெம்பு வேணும்லா.”