நாற்பத்தொன்றாவது இடம்

"இன்னும் எவ்வளவு குறையும்? அத மட்டும் சொல்லும்மா."

"அண்ணா, நான் நேரத்தைக் குறிக்கறவ. ஜோசியம் பாக்கறவ இல்ல."

லிஃப்ட் அண்ணா சிரிக்கவில்லை. பூங்கா வாசலில் என் மேசைக்கு முன்னால், சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, இடுப்பில் கை ஊன்றி நின்றார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஊரில் யாரும் படியேறாமல் பார்த்துக்கொண்டவர், நாற்பத்தேழு வயதில் திடீரென்று ஓட வந்தார்.

மாதத்தின் கடைசி ஞாயிறு காலை இங்கே ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். எழுபது எண்பது பேர் வருவார்கள். முடிவுக்கோட்டில் நேரம் குறிப்பதும், பட்டியலை அச்செடுத்து வாசல் பலகையில் குத்தி வைப்பதும் என் வேலை.

அவருடைய முதல் ஓட்டம் நினைவிருக்கிறது. நாற்பத்தோரு நிமிடம், இருபது விநாடி. வேலைக்குப் போட்டுப்போகும் கனத்த காலணியோடு ஓடினார். நான் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார்.

நான்கே மாதத்தில் முப்பத்து நான்கு. அப்புறம் முப்பத்தொன்று.

புதிதாக ஓட வருகிறவர்களுக்கு அப்படித்தான். முதலில் நிமிடம் நிமிடமாக உதிரும். இத்தனை வருடம் தூங்கியதற்கு மன்னிப்புக் கேட்பது போல உடம்பு வாரி வழங்கும்.

பிறகு ஒருநாள் கையை மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் விநாடிதான். அதுவும் கெஞ்சினால்.

போன மாதம் அவருக்கு ஏழு விநாடி குறைந்தது. இன்று நான்கு.

இருபத்தொன்பது நிமிடம், ஐம்பத்தொரு விநாடி. நாற்பத்தொன்றாவது இடம்.

ஒரு பக்கத்துக்கு நாற்பது பெயர். யார் அப்படி அமைத்தார்களோ, என் கைக்கு வந்தபோதே அப்படித்தான் இருந்தது. பலகை சின்னது என்பதால் இரண்டாம் பக்கத்தை முதல் பக்கத்துக்கு அடியில் குத்துவேன். அதில் இருப்பவர்கள் மட்டும் தூக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் பக்கத்துக்கு எப்போது வருவேன் என்று மாதம் தவறாமல் கேட்பார்.

"நாப்பதாவது யாரு?" என்றார் இப்போது.

"குழந்தைய வண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டே ஓடுவாரே, அவர். உங்களுக்கு மூணு விநாடி முன்னாடி."

"குழந்தையோடயா?"

"அது தூங்கிக்கிட்டிருந்துச்சு."

நான்தான் சிரித்தேன். அவர் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பக்க ஆசை எனக்குப் புதிதில்லை. படம் எடுத்துச் சொந்தபந்தம் முழுக்க அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவரும் அந்த ரகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"விடுங்கண்ணா. முதல் பக்கத்துல வந்தா மட்டும் மாலையா போடப் போறாங்க? பதினோரு மாசத்துல பதினோரு நிமிஷம் குறைச்சிருக்கீங்க. இனிமே குறையறது கஷ்டம். வயசாக ஆக ஏறத்தான் செய்யும்."

"ஏறுமா?"

சொல்லியிருக்கக் கூடாது.

அவர் மேசையிலிருந்த முதல் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். வியர்வைக் கை படாமல், சட்டையில் துடைத்துவிட்டு, ஏழாவது வரியின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இருபத்தொரு நிமிஷம்" என்றார். தானே ஓடியது போலச் சொன்னார்.

"அவங்க நல்லா ஓடுவாங்க. முடிச்ச கையோட டியூட்டிக்குக் கிளம்பிடுவாங்க. தெரிஞ்சவங்களா?"

"தங்கச்சி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை.

"எதிர்ல இருக்கே அந்தக் கட்டடம், அங்க லிஃப்ட் பாக்க வந்தேன். தண்ணி குடிக்க இங்க வந்தப்பதான் பலகையில பேரைப் பாத்தேன். இந்த ஊர்லதான் இருக்கான்னே அன்னைக்குத்தான் தெரியும். மறு மாசம் பேர் குடுத்தேன்."

"நேரா போய்ப் பேசலாமே? ஆரம்பத்துல முன்னாடி வரிசையிலதான் நிப்பாங்க."

"பாத்தா முகத்தைத் திருப்பிக்குவா. அவ திருப்பிக்கறதும் நியாயம்தான்."

பிரிண்டர் தன்பாட்டுக்கு இரண்டாம் பக்கத்தைத் துப்பிவிட்டு ஓய்ந்தது. அதன் உச்சியில் அவர் பெயர்.

"அம்மா போனப்ப அவளுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னேன். அவ மேல கோவம். எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னேன். ஒன்பது வருஷம் ஆச்சு."

பிரிண்டரிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"திங்கட்கிழமை காலையில வேலைக்குப் போற வழியில இங்க நிப்பா. நான் மரத்துக்குப் பின்னாடி இருந்து பாத்திருக்கேன். அவ பேரைக் கண்டுபிடிப்பா, அப்புறம் கடைசிப் பேர் வரைக்கும் பொறுமையாப் பாப்பா. சின்ன வயசுலயும் அப்படித்தான், ரிசல்ட் வந்தா எல்லார் நம்பரையும் படிப்பா. ஆனா பக்கத்தைத் தூக்க மாட்டா."

"அண்ணா..."

"ஆளா போய் நின்னா அவ அப்பவே ஒரு முடிவு எடுக்கணும். பேருன்னா, அவளுக்குத் தோணற வரைக்கும் பாக்கலாம். வேண்டாம்னா போயிடலாம்."

குழந்தை வண்டிக்காரர் எங்களுக்குக் கையசைத்துவிட்டு வாசலைக் கடந்து போனார். குழந்தை இப்போது விழித்திருந்தது.

லிஃப்ட் அண்ணா இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, ஓரத்தைச் சரிசெய்தார்.

"எழுத்தை ஒரு சுத்து சின்னதாக்குனா நாப்பத்தோரு பேரும் இதுலயே அடங்கிடும்மா. இந்த ஒரு தடவ அப்படி அடிச்சுத் தரியா?"