முடிச்சில்லாத வேர்

வெயில் சாய்ந்து, மூடிக் கிடக்கும் தோல் தொழிற்சாலையின் சுவர் நிழல் காராமணிக் கொல்லையில் பாதிவரை வந்திருக்கிறது. வெயில் பக்கத்துச் செடி ஒன்றைப் பூவம்மாள் பிடுங்குகிறாள். வேரெல்லாம் கடுகு கடுகாய் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறுகிறாள், உள்ளே இளஞ்சிவப்பு. மண்ணில் சத்து போதாதபோது காற்றிலிருந்தே பிடித்துக் கொடுக்கும் முடிச்சு, உயிரோடுதான் இருக்கிறது. சுவரோரச் செடிகளோ கறுத்த பச்சையில் இடுப்பளவு நிற்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடுங்கினால் வேர் வழவழவென்று வருகிறது. “இன்னாய்யா இது? ஒரு முடிச்சுகூட இல்ல. அப்புறம் எத்த தின்னு இவ்ளோ செழிப்பா நிக்குது?” வரப்பில் நிற்கும் கணவன் கோதண்டராமன் அந்தத் தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். “வேணாம் பூவு, அங்க நோண்டாத,” என்கிறார். அதற்குள் அவள் விரல்கள் மண்ணில் இறங்கிவிட்டன. மெத்தென்று ஏதோ தட்டுப்படுகிறது. இழுக்கிறாள். தோலிலிருந்து மயிரைக் கழற்றப் போடும் சுண்ணாம்பின் நெடியோடு கொத்துக் கொத்தாய் ஆட்டு மயிர். அதற்குள் புகுந்து பின்னிக் கிடக்கின்றன வெள்ளை வேர்கள். அவள் மடியில் அந்த ஓரத்தில் பறித்த காய்கள் கனக்கின்றன. அவர் கிட்டே வந்து, காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடுகிறார். எங்கெங்கே அழுத்தி மிதிக்க வேண்டும் என்று அந்தக் கால்களுக்குத் தெரிந்திருக்கிறது.