பின் சீட்டு

பென்ஸ் பார்க்க வந்தவன் பானெட்டைத் திறக்கவே சொல்லவில்லை. நேராகப் பின்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான்.

"இந்த சீட்டக் கழட்டிட்டா டிக்கி வரிக்கும் நீட்டா எடம் கெடைக்குங்களா?" என்று கேட்டான்.

மார்ட்டினுக்குச் சுருக்கென்றது. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் ஷெட் போட்டுப் பழைய கார் வாங்கி விற்கிறவன் அவன். மைலேஜ் கேட்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். பின் சீட்டைக் கழற்றுவது பற்றிக் கேட்ட முதல் ஆள் இவன்தான்.

அந்த வெள்ளை பென்ஸ், புதுச்சேரி முதலாளி ஒருவர் இருபது வருஷம் ஆண்டு அனுபவித்துக் கழித்துவிட்ட வண்டி. ஒரு நல்ல பைக் விலைக்குத் தருகிறேன் என்றாலும் எடுக்க ஆளில்லை. யானையை வாங்கிவிடலாம், தீனி யார் போடுவது? வருகிறவர்கள் அதன்மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஆல்டோ வாங்கிக்கொண்டு போனார்கள். "அத்தத் தள்ளி வுடு, இல்லன்னா நீயும் அதுலயே போய்க் குடியிரு" என்று மனைவி எஸ்தர் சொல்லாத நாளில்லை.

இன்று வந்த இருசப்பனோ விலையைச் சொன்னதும் சரி என்றுவிட்டான். மார்ட்டினுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. பேரம் பேசாதவனை எப்படி நம்புவது?

"எந்த ஊரு தம்பி?"

"மலை மேலங்க. வெள்ளிமலைக்கு அந்தாண்ட. ஜீப் ஓட்டிக்கினு இருந்தேன்."

"இருந்தேன்னா?"

"வித்துட்டேன். அந்தக் காசுலதான் இத்த வாங்கலாம்னு."

ஓடுகிற ஜீப்பை விற்றுவிட்டு, அதுவும் மலையில் ஓட்ட, எவனாவது பென்ஸ் வாங்குவானா? மார்ட்டின் அவனை மேலும் கீழும் பார்த்தான். கசங்கிய சட்டை, தேய்ந்த ரப்பர் செருப்பு. ஊருக்குள் பந்தா காட்டுகிற ஆளாகவும் தெரியவில்லை.

"கண்ணாடில கறுப்பு ஒட்டிக்கலாமாங்க? வெளியருந்து பாத்தா உள்ள இருக்கறது தெரியக் கூடாது."

"ஒட்டக் கூடாது. போலீஸ் புடிப்பாங்க."

"சரி, திரையாச்சும் போட்டுக்கறேன்." இருசப்பன் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான். "இந்த மாதிரி பெரிய வண்டின்னா செக்போஸ்ட்ல நிறுத்துவாங்களா, அப்டியே வுட்ருவாங்களா? ராத்திரின்னாலும் நிக்காம போவணும்ங்க."

மடியில் கனமில்லை என்றால் வழியில் எதற்குப் பயம்?

கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவில் போனவர்களில் மார்ட்டினின் தம்பி சாமும் ஒருவன். தம்பி பெண்டாட்டி ஏஞ்சலினை நிமிர்ந்து பார்த்துப் பேச இன்றைக்கும் அவனால் முடியவில்லை. பென்ஸ் துருப்பிடித்து மண்ணாகப் போனாலும் போகட்டும், சாராயம் ஏற்றுகிறவன் கைக்குப் போகக் கூடாது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவனைத் துரத்தவும் மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஆழம் பார்க்கலாம் என்று சாவியை எடுத்தான்.

"வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். நீயே ஓட்டு."

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி இருக்கேன்."

ஜீப் டிரைவராம், ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டானாம். வண்டி ரோட்டில் ஏறியதும் இருசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்தே விட்டான்.

"இன்னாயா, படுத்துட்ட?"

"நீங்க ஓட்டுங்க. பள்ளம் மேட்டுலயே வுடுங்க. குலுங்குதான்னு பாக்கணும்."

டவுனுக்குள் யார் கண்ணிலும் படக் கூடாது என்று பதுங்குகிறான், தேர்ந்த கைதான் என்று மார்ட்டின் நினைத்துக்கொண்டான். வந்த எரிச்சலில் ஸ்பீட் பிரேக்கரில் வேகம் குறைக்காமல் ஏற்றி இறக்கினான். பென்ஸ் அலுங்காமல் இறங்கிப் போனது.

"இது போதும்ங்க. இதான் வோணும்" என்றான் பின்னால் கண்ணை மூடிக் கிடந்தவன்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மார்ட்டின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "வண்டி விக்கறதுக்கு இல்ல. நீ கெளம்பு."

"ஏங்க? நீங்க சொன்ன வெலையே தரேனே."

"பத்து மடங்கு குடுத்தாலும் கெடயாது. சீட்டக் கழட்டணும், உள்ள தெரியக் கூடாது, செக்போஸ்ட்ல நிக்கக் கூடாது, குலுங்கக் கூடாது. யாரு காதுல பூ சுத்தற?" மார்ட்டின் ஷெட் வாசலைக் காட்டினான். "எந் தம்பிய சாராயத்துக்குக் குடுத்துட்டு நிக்கறேன்யா. அத்தக் கடத்தறதுக்கு என் வண்டியா?"

இருசப்பன் கோபப்படவில்லை. திறந்திருந்த பின்கதவை மெதுவாகச் சாத்தினான்.

"சாராயம்னா ஜீப்பே போதும்ங்க. எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்தப்போ அதுல உக்கார வெச்சித்தான் கீழ எறக்குனேன். குலுங்கிக் குலுங்கி, பாதி மலையிலயே போய்ட்டா."

மார்ட்டின் கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்தான்.

"தங்கச்சிக்கு இது எட்டாம் மாசம்ங்க."