செல்லத்துரை மாமாவின் பந்து

டொக்குன்னு மறுபடியும் மட்டையில பந்து பட்ட சத்தம். யோகம் பதறிப்போய் தன் கையைப் பாக்குறா. பந்து அவ கையிலதான் இருக்கு.

"அப்பா, நான் இன்னும் போடவே இல்ல! போதும்லா, வீட்டுக்குப் போகலாம்." ஃபேரர் பார்க் திடல்ல வேற ஆளில்ல. மழை விட்ட புல்லு கறுத்துக்கிட்டு வருது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கடை விளக்கு ஒண்ணொண்ணா எரியுது. மலாயாவுக்காக ஹாங்காங் வரைக்கும் போய் கிரிக்கெட் ஆடின அப்பா, கண்ணு மங்கிப்போய் ஆட்டத்தை விட்டவர். அவர் ஆசைக்கு அவ தினமும் பந்தை உருட்டிவிடுவா, அவர் தடவித் தடவித் தட்டுவார். இன்னிக்கு முன்காலை வச்சு, முழங்கையைத் தூக்கி, பழைய போட்டோவுல நிக்கிற மாதிரியே நிக்கிறார். டொக். பந்தைக் காணோம், ஈரப் புல்லைக் கிழிச்சுக்கிட்டு ஒரு கோடு மட்டும் ஓடுது.

"நல்லாப் போட்டடா, செல்லத்துரை!" ஒரு மாசமாச் சிரிக்காத அப்பா சிரிக்கிறார். காலமெல்லாம் அவருக்குப் பந்து போட்டுப் பழக்கின செல்லத்துரை மாமாவைச் சுடுகாட்டுல எரிச்சும் ஒரு மாசந்தான் ஆகுது.

"பிள்ளை, உன் கையில இருக்கிற பந்தையும் மாமாட்ட குடு. பக்கத்துலதானே கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான்!"

யோகத்தோட தோள்பட்டையில சில்லுன்னு ஏதோ படுது. குடுக்கலன்னா அப்பாவோட சிரிப்பு போயிடும். குடுத்தா, எந்தக் கை வந்து வாங்கும்?