தவழும் பரீட்சை

"படுங்க சார். குப்புறப் படுத்து, கையை ஊனி இழுத்துக்கிட்டே கதவு வரைக்கும் போங்க."

பயிற்சி கொடுக்க வந்த மேடம் இப்படிச் சொன்னதும், அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டிக் கொடுப்பவர்கள். சங்கம் நடத்தும் இரண்டு நாள் பயிற்சிக்குச் சலவைச் சட்டையும் பளபள ஷூவுமாக வந்திருந்தார்கள்.

முதல் ஆளாக மாட்டிக்கொண்டவர் 'சைரன்' அண்ணன். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்கு ரகசிய எண் வேண்டும் என்று சக தொழில்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஒட்டுப்பலகைகளை நிறுத்தி, சோபா போட்டு, ஒரு வீட்டு ஹால் மாதிரி ஜோடித்திருந்தார்கள். மூலையில் அவர் மாட்டிய சென்சார்; ஆள் நடமாட்டம் பட்டால் விளக்கு எரிந்து சைரன் அடிக்கும்.

"மாட்டியாச்சு. நடந்து காட்டியாச்சு, விளக்கும் எரிஞ்சுது. அப்புறம் எதுக்கு மேடம் இந்தக் கூத்து? எந்தத் திருடன் தவழ்ந்துக்கிட்டு வர்றான்?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"தவழ்ந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

கையெழுத்து இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் இனி தொழிலே இல்லை. 'நேத்து வந்தவ, என்னைத் தவழ விடுறா' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே சைரன் அண்ணன் படுத்தார். தொந்தி தரையில் இடிக்க, மூச்சு வாங்க, கதவு வரைக்கும் ஊர்ந்தார். பின்னால் யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். அவமானத்தில் காது சிவந்துவிட்டது அவருக்கு.

சென்சாரில் விளக்கு எரியவே இல்லை.

எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"பார்த்தீங்களா, எரியல. எரியவும் கூடாது! தரையோட தரையா நாய் பூனை ஓடினா கண்டுக்காதேன்னு செட் பண்ணியிருக்கேன். இல்லேன்னா சும்மா சும்மா சைரன் அடிக்குதுன்னு வீட்டுக்காரங்க நம்ம உயிரை எடுத்துடுவாங்க. வேலை சுத்தம் மேடம்!"

"வேலை சுத்தம்தான் சார்," என்றார் மேடம். "எங்க அப்பா வீட்லயும் இதே மாதிரி சுத்தமாத்தான் பண்ணியிருந்தாங்க."

சிரிப்புச் சத்தம் அடங்கியது.

"அப்பா தனியா இருந்தார். அலாரத்தைப் போட்டுட்டுத்தான் படுப்பார். 'எனக்கு ஒண்ணுன்னா ஹாலுக்கு வந்தாப் போதும்மா, சைரன் ஊரைக் கூட்டிடும்'னு சொல்வார். ஒரு நாள் கட்டில்லேர்ந்து விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. கத்தவும் தெம்பில்ல. தவழ்ந்தே ஹாலுக்கு வந்திருக்கார். அந்த சென்சார் முன்னாடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய்ப் பார்த்திருக்கார். அது அடிக்கவே இல்ல. நான் போய்க் கதவைத் திறந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது. முழங்கை ரெண்டும் தோல் உரிஞ்சு கிடந்தது, தரை முழுக்க இழுத்த தடம்."

சைரன் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. அவருக்கு எது வந்தாலும் சத்தமாகத்தான் வரும்.

"வயசானவர் தனியா இருக்கிற வீட்ல நாய்க்கும் பூனைக்கும் என்ன மேடம் வேலை? அதை எந்த மடையன் செட் பண்ணினான்? அவன் சோத்தைத்தான் திங்கிறானா? இழுத்துட்டு வந்து இங்க நிறுத்துங்க, நான் கேக்கிறேன் அவனை!"

"அதானே! விடக் கூடாது," என்று நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"மடையன் இல்ல சார். நல்ல மனுஷர்," என்றார் மேடம். "பக்கத்து வீட்டுப் பூனை ஒண்ணு ஜன்னல் வழியா வந்து, ரெண்டு தடவை சைரன் அடிச்சிடுச்சு. அப்பா ஃபோன் பண்ணினதும், லீவு நாள்னுகூடப் பார்க்காம ஓடி வந்து மாத்திக் குடுத்திருக்கார். காசே வாங்கலையாம். அவரை மாதிரி ஆள் கிடைக்க மாட்டாங்கன்னு அப்பா என்கிட்ட ஒரே புகழ்ச்சி."

சைரன் அண்ணன் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தவழ்ந்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை, யாரும் படம் எடுக்கவுமில்லை.

டீ குடிக்க எல்லோரும் வெளியே போனதும் சைரன் அண்ணன் மேடத்திடம் வந்தார். முதல் தடவையாக மெதுவான குரலில் கேட்டார்.

"மேடம்... அந்தப் பூனைக்கு ஒரு காது பாதிதான் இருக்குமா?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா சார்."

"ஐயா போயிட்டார்னு கேள்விப்பட்டேன். வயசானவர், தூக்கத்துலயே போயிருப்பார்னு நினைச்சுக்கிட்டேன்..." கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அதை எடுத்துவிட்டுக் கேட்டார். "நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"நீங்க உள்ள வந்து பேரைச் சொன்னப்பவே தெரியும். அப்பா அடிக்கடி சொன்ன பேராச்சே."

"தெரிஞ்சுமா? அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிக் கத்தினேனே... அப்பக்கூட ஏன் மேடம் என்னைக் கை காட்டல?"

மேடம் அடுத்த வகுப்புக்காக சோபாவை ஓரமாக நகர்த்திக்கொண்டே சொன்னார்:

"காட்டியிருந்தா எல்லாரும் உங்களைப் பார்த்துட்டுப் போயிருப்பாங்க சார். அவங்க பார்க்க வேண்டியது தரையை."