தூக்கிக்கோ

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மகள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பாடகி ஹெட்போனைக் கழற்றினாள்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்தது.

ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு மொழி. கிதார், டிரம், குழல், பின்குரல் எல்லாம் அவள் ஒருத்தியே. ஒண்டிக்கட்டைக் கச்சேரியில் அடிதடி வராது என்பது அவள் கட்சி. ஒலிப்பதிவை மட்டும் மகளிடம் விட்டிருந்தாள்.

ஓரமாக உட்கார்ந்திருந்தவர் மொழி ஆசிரியர். கடைசிப் பாட்டு அவருடைய தாய்மொழியில். உச்சரிப்பு சரி என்று அவர் சொன்னால்தான் கம்பெனி ஆல்பத்தை வெளியிடும்.

"பிரமாதம். ஒரே ஒரு சொல்தான் இடிக்குது. 'தூக்கிக்கோ'ன்னு அர்த்தம் வர்ற சொல் இருக்கே, அது. நாக்கு திரும்பாத குழந்தைங்கதான் அப்படிச் சொல்லும். கேக்கறவங்க சிரிப்பாங்க."

சரியான உச்சரிப்பைச் சொல்லிக் காட்டினார். அச்சுப் பிசகாமல் அவள் திருப்பிச் சொன்னாள்.

"அவ்வளவுதான்! அப்படியே பாடிடுங்க."

"மாட்டேன்."

ஆசிரியர் விழித்தார். மகளும்தான்.

மற்றப் பாட்டுகளில் யார் எந்த எழுத்தைத் திருத்தினாலும் மறுபேச்சில்லாமல் பாடியவள் அவள். ஒரு நெடிலுக்காகத் தொண்டை கட்டும்வரை பாடியதுண்டு. இப்போது தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாக இரண்டு மடக்குக் குடித்தாள்.

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும். சொல் மாறாது."

"யாரும்மா உங்களுக்கு இப்படிக் கத்துக்குடுத்தது?" ஆசிரியருக்குக் கோபமே வந்துவிட்டது.

பாடகி கண்ணாடியைக் காட்டினாள்.

"அவதான். அவளுக்கு நாலு வயசு இருக்கும்போது தத்தெடுத்தேன். அப்போ அவளுக்கு உங்க மொழியை விட்டா வேற தெரியாது. எனக்கு அப்போ அதுல ஒரு சொல்கூடத் தெரியாது. வாசல்ல நின்னு ரெண்டு கையையும் நீட்டி, முதல்ல சொன்னதே இதைத்தான்."

மைக் திறந்தே இருந்தது. மகள் பொத்தான்களைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தத்து வந்த கதை அவளுக்குத் தெரியும். இந்தச் சொல் தன்னுடையது என்று தெரியாது.

ஆசிரியர் முகம் மலர்ந்து எழுந்தார். பரதேசத்தில் சொந்த ஊர்க்காரியைக் கண்டுபிடித்த சந்தோஷம். மைக் அருகே குனிந்து, தன் மொழியில் மகளிடம் மளமளவென்று என்னவோ பேசினார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்து நின்றார்.

மகள் சிரித்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு பாடகியைப் பார்த்தாள்.

"என்னம்மா சொல்றார்?"

பாடகி வரி விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

ஆசிரியர் மெல்ல உட்கார்ந்தார். 

"அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும்மா," என்றார்.