ஓர் அரிசியளவு கரி

"நாளைக்குள்ள குழியை மூடலேன்னா, நானே ஆள் கூட்டிட்டு வந்து மூடிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

வரப்பின் மேல் இடுப்பில் கைவைத்து நின்றாள் ஃபுமியே அம்மாள். அறுவடை முடிந்த அவளுடைய நெல்வயலில்தான் நிலநடுக்க ஆராய்ச்சிக்காரர்கள் ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். பதினோரு நாளாக அவர்களுக்குத் தினமும் இந்த அர்ச்சனைதான்.

பள்ளத்துக்குள் மண்சுவரோடு மூக்கு உரச நின்றிருந்த ஹயாமா திரும்பவில்லை. "ரெண்டே நாள்மா," என்றார்.

"போன வாரமும் ரெண்டே நாள்தான். உங்க ஊர்ல ரெண்டு நாளுக்கு எத்தனை நாள், வாத்தியாரே?"

பக்கத்தில் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த சக ஆராய்ச்சியாளர் கவாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஹயாமாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

சுவரில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மண், ஓரிடத்தில் வெட்டுப்பட்டு ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. என்றைக்கோ பூமி குலுங்கியபோது விழுந்த வெட்டு அது. அதற்குப் பிறகு மேலே படிந்த மண் மட்டும் வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது.

அந்த முழு மண்ணின் அடியில் ஒரு துண்டு கரி கிடைத்தால் போதும். கரியின் வயதைக் கண்டுபிடித்தால் பூமி கடைசியாக எப்போது குலுங்கியது என்று சொல்லிவிடலாம். அடுத்தது எப்போது வரும், புதுப் பள்ளிக்கூடத்தை எங்கே கட்டலாம் என்று ஊராட்சிக்காரர்கள் மாதம் ஒரு கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருஷம், மூன்று ஊர், மூன்று பள்ளம். கரிதான் கிடைத்தபாடில்லை. வெறுங்கையோடு திரும்பினால் மார்ச் மாதத்தோடு ஹயாமாவுக்கு வேலை கிடையாது. நாற்பத்தெட்டு வயதில் எந்தக் கதவைப் போய்த் தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்படி என்னத்தைத்தான் தொலைச்சீங்க?" என்றாள் ஃபுமியே அம்மாள்.

"கரிம்மா. மண்ணோட மண்ணாப் புதைஞ்ச கரி. ஒரு அரிசியத்தனை கிடைச்சாப் போதும்."

கையிலிருந்த மண் சுரண்டும் கரண்டியைப் போட்டுவிட்டு, ஹயாமா அப்படியே சேற்றில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கவாச்சி பார்க்காதது மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லா இருக்கு. மண்ணைப் பார்த்து அழற ஆம்பளையை இப்பத்தான் பார்க்கறேன்."

துணியில் கட்டிய சோற்று உருண்டைகளை வரப்பில் வைத்துவிட்டு, ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தமிட அவள் போய்விட்டாள். எவ்வளவு திட்டினாலும் மத்தியானச் சாப்பாட்டை மட்டும் அவள் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. அன்றைக்கு உருண்டைகளை மேலே மொறுமொறுவென்று சுட்டிருந்தாள். ஹயாமாவுக்கு அதன் ருசி தெரியவில்லை.

மறுநாள் காலை பள்ளத்தில் இறங்கிய ஐந்தாவது நிமிஷம், "கவாச்சி," என்றார் ஹயாமா.

வெட்டு முடிகிற இடத்துக்கு நேர் மேலே, தேட வேண்டிய இடமென்று அவர்கள் ஆரஞ்சுக் கொடி குத்தியிருந்த இடத்தை ஒட்டி, விரல் நகமளவுக்குக் கறுப்பாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

கவாச்சி குனிந்து பார்த்தார். "நேத்து சாயங்காலம் இதே இடத்தை ரெண்டு தடவை சுரண்டினேனே."

"தூங்கிக்கிட்டே சுரண்டியிருப்பீங்க."

"இருக்கும். பத்து நாளா நான் நின்னுக்கிட்டேதான் தூங்கறேன்."

படமெடுத்தார்கள், அளந்தார்கள், இடுக்கியால் எடுத்து வெள்ளித்தாளில் மடித்தார்கள். கையோடு தன் துறைத்தலைவருக்குப் போன் போட்டுச் சொன்னார் ஹயாமா.

"அப்போ ஏப்ரல்லயும் உங்க மேஜை உங்களுக்குத்தான்," என்றார் தலைவர். "நல்லாத் தூங்கி எழுந்து வாங்க."

கரியை எடுத்துக்கொண்டு கவாச்சி அடுத்த ரயிலுக்கே கிளம்பினார். பொக்லைன் வந்தது. மூன்று மணிக்குள், அந்த வயலில் பள்ளம் ஒன்று இருந்ததென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பாதபடி மூடியாகிவிட்டது.

ஃபுமியே அம்மாள் தேநீர்க் குடுவையோடு வந்து நின்றாள். ஹயாமா இடுப்பு வளைந்து வணங்கினார். இரண்டு வருஷக் களைப்பில் உடனே நிமிரவும் முடியவில்லை.

"சொன்னபடி மூடிக் கொடுத்துட்டேம்மா. இத்தனை நாள் பொறுத்துக்கிட்டீங்க."

"வயல் எங்கே ஓடிடப் போகுது. உங்க மூஞ்சியில இன்னிக்குத்தான் ரத்தமே ஓடுது." தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஒரு துண்டு போதுமா, வாத்தியாரே?"

"தாராளமாப் போதும்மா."

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"பத்தலேன்னா கூச்சப்படாம கேளுங்க. வீட்டுல இன்னும் அரை மூட்டை கரி கிடக்கு."